முருங்கையும் கொய்யாவும் ஒரே குச்சியில்

துரைக்கண்ணுவுக்கு இடது காது பாதிதான். மீதிப் பாதியை அவனுடைய கூடப்பிறந்த அண்ணன் ரெத்தினம் ஒரு குறுவைச் சமயத்தில் வாய்க்கால் கரையில் வைத்துக் கடித்துத் துப்பிவிட்டான். இன்றைக்குத் தண்ணீர் முறை யாருடையது என்பதுதான் பேச்சு. பேச்சு முடிவதற்குள் காது முடிந்துவிட்டது. சேற்றில் குந்தி அந்தத் துண்டைத் தேடி எடுத்தவள் நீலாம்பாள். ஐஸ் வண்டியை மறித்து, ஒரு டம்ளர் ஐஸில் போட்டு, ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். சேறு ஏறிய காது ஒட்டாது என்று சொல்லிவிட்டார்கள். டம்ளரோடு திரும்பி வந்தாள்.

நீலாம்பாள் ரெத்தினத்துக்குத் தங்கை, துரைக்கண்ணுவுக்கு அக்கா. புருஷன் போனபிறகு பிறந்த ஊருக்கே வந்து, நீடாமங்கலம் ரோட்டோரம் ஒரு தகரக் கொட்டகையில் ஜெராக்ஸ் கடை போட்டாள். எதிரே தம்பி வீடும் அண்ணன் வீடும், நடுவில் ஒரே சுவர். அந்தச் சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உடையாத சாமான் கிடையாது. ரெத்தினத்தின் முன்பல்லை உடைத்தது துரைக்கண்ணுவின் செங்கல். துரைக்கண்ணுவின் மோட்டாரைப் பிளந்தது ரெத்தினத்தின் கோடாலி.

வந்த அன்றே ரெத்தினம் கூப்பிட்டுச் சொன்னான்: "ஏ நீலா, அவன் வீட்டுல பச்சத் தண்ணி குடிச்சேன்னு தெரிஞ்சா என் வாசப்படி மிதிக்காத."

சாயங்காலம் துரைக்கண்ணு சொன்னான்: "அக்கா, அவன் வீட்டுச் சோறு உன் தொண்டைல எறங்குச்சுன்னா எனக்கு அக்காவே இல்லன்னு நெனச்சிக்கிறேன்."

நீலாம்பாள் ரெண்டு பேருக்கும் சரி என்றாள். ரெண்டு வீட்டிலும் தின்றாள். ஒரு தீபாவளிக்கு அங்கே கறிக்குழம்பு தின்று, வாயைக் கொப்பளித்து, வெற்றிலை போட்டு, இங்கே வந்து "காலைலேருந்து பட்டினிடா" என்று இன்னொரு இலைக்கு உட்கார்ந்தாள். அவளுக்கு வேறு என்ன இருக்கிறது? பிள்ளை இல்லை. பிறந்த வீட்டு வாசல் ஒன்று இருந்தது, அது ரெண்டாக உடைந்துவிட்டது. ரெண்டில் எதையும் விட அவளுக்கு மனசில்லை.

நெட்டு விஷயத்திலும் அதே கூத்து. அந்த இடத்தில் டவர் சரியாக எடுக்காது. துரைக்கண்ணுவின் மகன் சிங்கப்பூரில். முகத்தைப் பார்த்துப் பேச வேண்டும். ரெத்தினத்துக்கு மாடு பிடிக்கிற வீடியோ இல்லாமல் சோறு இறங்காது. கேபிள்காரர்கள் சுவர்மேல் வயர் இழுத்தார்கள். அண்ணன் இழுத்த வயரைத் தம்பி அரிவாளால் நறுக்கினான், தம்பி இழுத்ததை அண்ணன் நறுக்கினான். கடைசியாக வந்த கேபிள்காரரின் ஏணியையும் நறுக்கியபிறகு யாரும் வரவில்லை.

பக்கத்துக் கடை சித்தீக் செல்போன் விற்கிறவன். அவன்தான் வழி சொன்னான். நீலாம்பாளின் லேப்டாப்பில் சொந்த வைஃபை செத்துப் போயிருந்தது. நகம் அளவு ஒரு யூ.எஸ்.பி. வைஃபை குச்சியைச் சொருகினான்.

"அக்கா, எங்க கடை நெட்ட இந்தக் குச்சி காத்துலயே வாங்கிக்கும். வாங்கிக்கிட்டே ரெண்டு பேர்ல திருப்பியும் குடுக்கும். அவங்க வீட்டுக்கு ஒரு பேரு, இவங்க வீட்டுக்கு ஒரு பேரு. வயரே கெடையாது, எதை வெட்டுவாங்க?"

"ஒரே குச்சியா? சண்டை போட்டுக்காதா?"

"போடாது. ஆனா வாங்குறது ஒன்னு, குடுக்குறது ரெண்டு, மூணும் ஒரே சேனல்லதான் ஓடும்."

"சேனலுன்னா?"

"வாய்க்கால்னு வச்சிக்குங்களேன்."

நீலாம்பாள் அவன் வாயைப் பொத்தினாள். "இந்த வார்த்தைய எங்காளுங்க காதுல போட்டுறாத தம்பி. ஏற்கெனவே ஒருத்தனுக்கு ஒன்னரைதான் இருக்கு."

அண்ணன் வீட்டுக்கு 'முருங்கை' என்றும் தம்பி வீட்டுக்கு 'கொய்யா' என்றும் பெயர் வைத்தார்கள். "உனக்கு மட்டும்தான், வெளிய மூச்சு விடாத" என்று ரெண்டு பேரிடமும் சொன்னாள்.

"கொய்யான்னு ஒன்னு தெரியுதே, யாருது?" என்றான் ரெத்தினம்.

"எவனோ ரோட்டுல போறவன்."

"தெனமுமா போறான்?"

"வேல வெட்டி இருக்காது அவனுக்கு."

சம்பா நட்டு முடிகிறவரை இது ஓடியது. அப்புறம் சித்தீக் தன் கடையில் புது நெட்டுப் பெட்டி மாட்டினான். அது தன் இஷ்டத்துக்குச் சேனல் மாறும். அது மாறினால் குச்சியும் பின்னாலேயே ஓட வேண்டும், அந்த நேரம் முருங்கையும் கொய்யாவும் சேர்ந்தே விழும்.

ஒரு மத்தியானம் ரெத்தினமும் துரைக்கண்ணுவும் ஒரே நேரத்தில் வாசலுக்கு வந்தார்கள்.

"நீலா, நெட்டு போச்சு!"

"அக்கா, நெட்டு போச்சு!"

ஒருவரையொருவர் பார்த்தார்கள். காறித் துப்பிவிட்டு உள்ளே போனார்கள். நெட்டு வந்தது. கொஞ்ச நேரத்தில் மறுபடி போனது, மறுபடி ரெண்டு பேரும் வாசலில். இப்போது ரெத்தினம் துப்பவில்லை, நின்று யோசித்தான். ஆயுசு முழுக்கத் தண்ணீர் கட்டியவன்.

"ரெண்டு வயலும் ஒரே நேரத்துல காயுதுன்னா," என்று மெதுவாகச் சொன்னான், "மதகு ஒன்னுதான்."

துரைக்கண்ணுவுக்கும் அது உடனே புரிந்தது. அண்ணன் மண்வெட்டியை எடுத்தான். தம்பி கடப்பாரையை எடுத்தான். பல வருஷத்தில் முதல் தடவையாக ரெண்டு பேரும் சேர்ந்து ஒரு வேலைக்குக் கிளம்பினார்கள்.

கடப்பாரை முதலில் ஜெராக்ஸ் மெஷின்மேல் இறங்கியது. கண்ணாடி தெறித்து நீலாம்பாளின் நெற்றியைக் கிழித்தது. மண்வெட்டி மேசையைப் பிளந்தது.

"யாருக்குடி நீ தங்கச்சி?" ரெத்தினம் அவள் கொண்டையைப் பிடித்துச் சுவரில் மோதினான். "அவனுக்கும் ஊத்தி எனக்கும் ஊத்துறியா? ரெண்டுல ஒன்ன நிறுத்து. இப்பவே!"

"அவனோடத நிறுத்துக்கா!" துரைக்கண்ணு லேப்டாப்பின் மேல் கடப்பாரையை ஓங்கினான்.

நீலாம்பாள் குச்சியைப் பிடுங்கி வாயில் போட்டுக்கொண்டாள். கொதித்தது. நாக்கு பொசுங்கியது. உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு தலையை இடமும் வலமுமாக ஆட்டினாள்.

"துப்புடி!"

ரெத்தினத்தின் கை அவள் தாடையில் விழுந்தது. எலும்பு முறிந்த சத்தம் பக்கத்துக் கடை சித்தீக்குக்குக் கேட்டது. அடி விழுந்ததைப் பார்த்ததும் துரைக்கண்ணு, இவ்வளவு நேரம் எதற்காக ஓங்கினோம் என்பதையே மறந்து, "எங்கக்காவையா அடிக்கிற!" என்று கடப்பாரையை அண்ணன் முழங்காலில் விட்டான். ரெத்தினம் விழுந்தபடியே மண்வெட்டியை வீச, துரைக்கண்ணுவின் தொடை பிளந்துகொண்டது. டோனர் கறுப்பும் ரத்தமும் கலந்து தரையில் ஓடியது. ரெண்டு பேரும் அதில் வழுக்கி வழுக்கி ஒருவர் கழுத்தை ஒருவர் நெரித்தார்கள்.

நீலாம்பாள் கீழே கிடந்த மண்வெட்டியை எடுத்தாள். திருப்பிப் பிடித்து, காம்பால் அண்ணன் முதுகில் ஒன்று, தம்பி முதுகில் ஒன்று. மறுபடி அண்ணன், மறுபடி தம்பி. ஒருவனுக்குக் குறைத்தாள் என்று யாரும் சொல்ல முடியாது. காம்பு முறிகிறவரை அடித்தாள். அப்புறம் குனிந்து துப்பினாள். ரத்தம், ஒரு கடைவாய்ப் பல், அந்தக் குச்சி.

"ரெண்டு வாசலும் வேணாம்டா," என்றாள். உடைந்த தாடையில் வார்த்தை கோணிக்கொண்டு வந்தது. "இனிமே நான் வரமாட்டேன். வேணும்னா நீங்க வாங்க."

சித்தீக் ஆட்டோ வைத்து மூவரையும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான். குச்சியை அரிசியில் புதைத்துக் காயவைத்துச் சொருகிப் பார்த்தான். மூலை விரிந்த லேப்டாப்பில் விளக்கு எரிந்தது. "உங்க குடும்பத்துல இது ஒன்னுதான்க்கா அடி வாங்கியும் அலட்டிக்காம இருக்கு," என்றான். தன் பெட்டியைச் சேனல் மாறாதபடி பூட்டியும் வைத்தான். நீலாம்பாள் முருங்கையையும் கொய்யாவையும் எடுத்துவிட்டு, 'நீலாம்பாள்' என்று ஒரே பெயர் வைத்தாள்.

முதலில் வந்தது துரைக்கண்ணு, தையல் போட்ட தொடையை இழுத்துக்கொண்டு. கையில் கஞ்சித் தூக்கு. அவளால் மெல்ல முடியாதல்லவா. பாஸ்வேர்டு கேட்டான். நீலாம்பாள் காதில் சொன்னாள், முழுசாக இருந்த காதில்.

"'நான் அக்காவ அடிச்சேன்'னா? நான் அடிக்கலியேக்கா!"

"கடப்பாரைய என்னத்துக்குத் தூக்கிட்டு வந்த, பல்லு குத்தவா? அடி."

அடித்தான்.

ரெத்தினம் வெகு நாள் வரவில்லை. அதற்குள் வரப்பு விஷயத்தில் தம்பியோடு இன்னொரு சண்டையும் ஆகி, கையில் கட்டோடு ஒருநாள் வாசலில் வந்து நின்றான். உள்ளே கூப்பிடட்டும் என்று நின்றான். அவள் கூப்பிடவில்லை. தானே வந்து, உடைந்த மேசைமேல் போனை வைத்தான்.

"என்னான்னு அடிக்கணும்?"

"'நான் தங்கச்சிய அடிச்சேன்'னு நெனச்சிக்கிட்டு, 'அக்காவ'ன்னு அடி. ரெண்டு பேருக்கும் ஒன்னுதான்."

மண்வெட்டி பிடித்துத் தடித்த விரல் ஒவ்வொரு எழுத்தாகத் தேடியது. அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டான், வெயில் என்றான். தகரக் கொட்டகைக்குள் எங்கிருந்து வெயில் வரும்? நீலாம்பாள் போனை எட்டிப் பார்த்தாள்.

"தப்பா அடிச்சிருக்கண்ணே," என்றாள். "திரும்ப அடி."