துடைத்த இழை

பிரெஞ்சு பேசும் லொங்குய் நகரில் நான் வேலை பார்த்த ஆய்வுக்கூடத்தின் தலைமைப் பொறியாளர் அவர். மட்டக்களப்புக்காரர், நரைத்த தாடி, முழங்கை தேய்ந்த நீல ஸ்வெட்டர். மின்சாரத்துக்குப் பதில் ஒளியாலேயே இயங்கும் கணினி சுவிட்ச் ஒன்றை உருவாக்கிக்கொண்டிருந்தோம். கண்ணாடி இழையைச் செருகும்போதெல்லாம் அதன் நுனியைத் துடைத்து நுண்ணோக்கியில் பார்ப்பார். “தூசி கிடந்தா வெளிச்சம் போகாது, தங்கச்சி” என்பார். முதல் சந்திப்பில் அந்த சுவிட்சை அவர் இயக்கிக் காட்டியதைப் பார்த்துத்தான், சென்னையில் கிடைத்த நல்ல வேலையை உதறினேன்.

முதலீட்டாளர்கள் வரவிருந்த காலையில், சுவிட்ச் இருந்த, அவர் மட்டுமே திறக்கும் பெட்டியைச் சுத்தம் செய்யலாமென்று அதற்கு ஒளி தரும் லேசரை அணைத்தேன். ஒளி நின்ற பிறகும் திரையில் சுவிட்ச் மாறிக்கொண்டே இருந்தது. மூடியைத் திறந்தேன். உள்ளே மின்சாரத்தில் இயங்கும் சாதாரண சிப் ஒன்று அந்த வேலையைச் செய்துகொண்டிருந்தது.

அவர் பின்னால் வந்து நின்றார்.

“வெளிச்சத்தால இன்னும் சரிவரல்ல, தங்கச்சி. பொறகு மாத்துவம்.”

“அப்ப எனக்கு அன்னைக்குக் காட்டினது?”

“அதுவும் இதுதான்.”

மூடியைப் போட்டார். வெளியே யாரோ முதலீட்டாளர்களுக்கு ‘போன்ஜூர்’ என்று வணக்கம் சொல்வது கேட்டது. அவர் இழையை எடுத்து நுனியைத் துடைத்தார், நுண்ணோக்கியில் பார்த்தார், திருப்தியில்லாமல் மறுபடி துடைத்தார். அறையில் அவரைத் தவிர நான் மட்டும்தான் இருந்தேன். எனக்குத்தான் எல்லாம் தெரிந்துவிட்டதே. பிறகு யாருக்காகத் துடைத்தார்?