போர் நின்றதும் வாங்கிக்கொள்ளலாம்

தேக்கா சந்தையில் என் காய்கறிக் கடைக்கு அடுத்தது இளமாறனின் தேங்காய்க் கடை. தேங்காய் துருவும் எந்திரம் ஓடும். அதைவிடச் சத்தமாக அவன் கைபேசியில் யாராவது ஒருத்தர் உலகம் எப்போது கவிழும் என்று சொல்லிக்கொண்டிருப்பார். எண்ணெய்க் கப்பல் எங்கே நிற்கிறது, அமெரிக்கா எப்போது வட்டியைக் குறைக்கும், எல்லாம் அவனுக்குத் தெரியும். அவனும் என்னை மாதிரி உயர்நிலை இரண்டோடு படிப்பை நிறுத்தியவன்தான். ஆனால் பேச ஆரம்பித்தால், தேங்காய்ப்பால் வாங்க வந்தவர்கள் பையைக் கையில் பிடித்துக்கொண்டு நின்று கேட்பார்கள். குடி கிடையாது, சூது கிடையாது. அதனால்தான் அவன் மனைவி சுதா நம்பினாள்.

இரண்டு வருடத்துக்கு முன் போர்ச் செய்தியில் தங்கம் விறுவிறுவென்று ஏறியது. இதுதான் உச்சி என்று இளமாறன் முடிவு கட்டினான். சுதாவின் தாலிக்கொடியை இப்போது விற்றுவிடுவது. போர் நின்று விலை விழுந்ததும் அதே கனத்தில் வேறு கொடி வாங்குவது. மிச்சம் மகள் அனுப்ரியாவின் கல்யாணச் செலவுக்கு. சுதா மின்னணு ஆலைச் சம்பளத்தில் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து வாங்கிய கொடி அது. அவள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"அனுப்ரியா மேடையில நிக்கும்போது என் கழுத்துல கொடி இருக்கணும்."

இருக்கும் என்றான். அதுவரை ஊர் வாய்க்கு என்ன பதில் சொல்வது? அதற்கும் வழி வைத்திருந்தான். ஆடிப்பெருக்கு அன்று பெண்கள் புது மஞ்சள் கயிறு மாற்றுவார்கள். அன்றைக்குத் தாலியைக் கயிற்றில் கோத்துக்கொண்டால் ஏன் என்று யாரும் கேட்கமாட்டார்கள். சிராங்கூன் சாலை நகைக்கடைக்காரர், விற்க வேண்டாம், வேண்டுமானால் அடகு வையுங்கள் என்று எடுத்துச் சொல்லியிருக்கிறார். விழப்போகிற பொருளுக்கு எவனாவது வட்டி கட்டுவானா என்று அவருக்கே பாடம் நடத்திவிட்டு விற்றுவிட்டு வந்தான்.

தீபாவளிக்குள் வாங்கிவிடலாம் என்றான். பிறகு, அமெரிக்காவில் ஆள் மாறட்டும் என்றான். ஒரு சண்டை அடங்கினால் இன்னொரு பக்கம் மூண்டது. சண்டை இல்லாத வாரத்தில் இறக்குமதி வரி என்றார்கள். எதைச் சொன்னாலும் தங்கம் ஏறியது.

ஒரே ஒரு தடவை இறங்கியது. அன்றைக்கு சுதா வேலைச் சட்டையைக்கூட மாற்றாமல் கடைக்கே வந்துவிட்டாள்.

"இப்பவே போலாம்ங்க. கையில இருக்கிறதோட கொஞ்சம் போட்டா அதே கனத்துக்கு எடுத்துடலாம்."

"அவசரப்படாத லா. இப்பதான் விழ ஆரம்பிச்சிருக்கு. இன்னும் விழும்."

 அவள் வீட்டுக்கு ஒரு தேங்காய்ப்பால் பையை எடுத்துக்கொண்டு போனாள். அடுத்த வாரமே விலை பழையபடி ஏறிவிட்டது.

விற்ற பணத்தில் ஒரு காசுகூடக் குறையவில்லை. வங்கியில் பத்திரமாக இருந்தது. கொடுமையே அதுதான். திருட்டுப் போயிருந்தால் திருடனைத் திட்டலாம். பத்திரமாக இருந்த அந்தக் காசுக்கு இப்போது பாதிக் கொடிதான் வரும். மெல்லிசாக ஒன்று எடுத்துத் தருகிறேன் என்றான். என் கொடி எனக்குத் தெரியாதா என்று சுதா மறுத்துவிட்டாள்.

கல்யாணம் சிராங்கூன் சாலையில் ஒரு கோயில் மண்டபத்தில் நடந்தது. சுதா புடவைத் தலைப்பைக் கழுத்தோடு இழுத்துப் போர்த்தியிருந்தாள். மாலையைச் சரிசெய்யும்போது தலைப்பு நழுவியது. பக்கத்தில் நின்ற மாப்பிள்ளையின் அம்மா மங்களம் பார்த்துவிட்டார். தெம்பனிஸ் வட்டாரத்துக்காரர், சூது தெரியாத மனுசி.

"என்ன சம்பந்தி, இன்னிக்குமா கயிறு? கொடி போடலையா?"

சந்தனக் கிண்ணத்தோடு இளமாறன் நாலடி தள்ளித்தான் நின்றான். பக்கத்தில் நான்.

சுதா சிரித்தாள். "வேண்டுதலுங்க. உலகத்துல சண்டையெல்லாம் நிக்கிற வரைக்கும் கயிறுதான்னு காளியம்மாகிட்ட நேர்ந்திருக்கேன்."

மங்களத்துக்குக் கண் கலங்கிவிட்டது. சுதாவின் கையைப் பிடித்துக்கொண்டு, இப்படி ஒரு மனசா என்றார். சொந்தக்காரர்களிடமெல்லாம் போய்ச் சொன்னார். பெண்கள் ஒவ்வொருவராக வந்து சுதாவைப் பார்த்துவிட்டுப் போனார்கள். இளமாறன் கையில் சந்தனம் காய்ந்துகொண்டிருந்தது. யாருக்கும் அவன் அதை நீட்டவில்லை.

அடுத்த வாரம், கிடைக்கிற அளவுக்காவது வாங்குவோம், கிளம்பு என்று அவளைக் கூப்பிட்டிருக்கிறான். அவள் கோபப்படவில்லையாம். "ஏங்க, சண்டை நின்னுடுச்சா?" என்று மட்டும் கேட்டுவிட்டுச் சோறு போடப் போய்விட்டாளாம். எந்திரத்தை நிறுத்திவிட்டு அவனேதான் இதை என்னிடம் சொன்னான்.

இப்போதெல்லாம் அவன் கைபேசி பேசுவதில்லை. தங்கம் இறங்குமா என்று யாராவது கேட்டால், எனக்கென்ன தெரியும், தேங்காய் எத்தனை என்கிறான்.

ஆடி பிறந்துவிட்டது. போன வாரம் சுதா சந்தைக்கு வந்தாள். எங்கள் வரிசைக்கு வராமல், கோடியில் இருக்கும் பூக்கடையில் மஞ்சள் கயிறு வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டு அப்படியே திரும்பிப் போனாள். அவன் கண்ணில் படக்கூடாதென்று நினைத்திருப்பாள்.

அவன் பார்த்துக்கொண்டுதான் இருந்தான்.