பெரிய டீச்சர் எழுதிய நான்கு பக்கங்கள்

லாரி மலை ஏறவில்லை. அஞ்செட்டியைத் தாண்டி ஒரு வளைவில் அது நின்றுவிட, அரசு அனுப்பிய வட்ட மேசைகளை ஒரு டிராக்டருக்கு மாற்றி, ஊர்க்காரர்கள் கயிறு கட்டிப் பிடித்துக்கொண்டே எங்கள் பள்ளிக்குக் கொண்டுவந்து சேர்த்தார்கள். மஞ்சளும் நீலமுமாகப் பளபளத்தன. இறக்கிய பிறகுதான் தெரிந்தது, வகுப்பறையில் மூன்று மேசைக்கு மேல் கொள்ளாது என்று. மற்றவற்றை வராந்தாவில் அடுக்கினோம். மழைச்சாரலில் அவை ஊறிப்போனது பிற்பாடு. தலைமையாசிரியை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கேட்டது மேசை அல்ல.

அது ஈராசிரியர் பள்ளி. ஊரில் தலைமையாசிரியையைப் பெரிய டீச்சர் என்பார்கள், என்னை சார் என்பார்கள். நான் பாரூர் ஏரிப் பாசனத்து ஊரில் பிறந்தவன், எனக்குத் தமிழைத் தவிர ஒன்றும் தெரியாது. கர்நாடக எல்லையோரத்து எங்கள் பள்ளிப் பிள்ளைகளுக்கோ வீட்டில் கன்னடம் மட்டும்தான். முதல் வகுப்பில் நான் நின்று பேசினால் இருபது ஜோடிக் கண்கள் என் வாயையே பார்க்கும். பெரிய டீச்சர், மூன்று மாநில எல்லையை ஒட்டிய வேப்பனப்பள்ளிக்காரர். தெலுங்கு, கன்னடம், தமிழ் மூன்றும் அவருக்கு ஒரே மூச்சில் வரும். ஜூனில் கன்னடத்தில் தொடங்குவார். தீபாவளிக்குள் பாதிக்குப் பாதி. கோடை விடுமுறைக்கு முன் பிள்ளைகள் தமிழில் சண்டை போட்டுக்கொள்வார்கள். எந்தத் திட்டத்திலும் இதற்குப் பெயர் கிடையாது. அவர் ஒருவர் இருந்ததால் நடந்தது, அவ்வளவுதான்.

அவரைத்தான் ஒருமுறை, அங்குள்ள பள்ளிகளைப் பார்த்து வர, ஆசிரியர் குழுவோடு பின்லாந்துக்கு அனுப்பினார்கள். திரும்பி வந்ததும் பனியைப் பற்றிச் சொல்வார் என்று ஆவலாக இருந்தேன். அவர் ஒரே ஒரு வகுப்பறையைப் பற்றித்தான் சொன்னார். வேறு தேசத்திலிருந்து வந்த ஒரு குழந்தை. அதன் பக்கத்தில், அதன் மொழி தெரிந்த ஓர் ஆசிரியை.

“அந்த ஒரு கொழந்தைக்காக ஒரு டீச்சர உக்கார வெச்சிருக்கறாங்க சார். நமக்கு கிளாஸ் முழுக்க அப்படித்தானுங்களே இருக்குது.”

அதையே நான்கு பக்கத்தில் அறிக்கையாக எழுதினார். நான்தான் படி எடுத்துக் கொடுத்தேன். மலைப்பள்ளிகளின் முதல் வகுப்புக்குப் பிள்ளைகளின் வீட்டு மொழி தெரிந்த ஓர் ஆசிரியர் வேண்டும் என்பதைத் தவிர அதில் வேறு கோரிக்கை இல்லை. உடன் போன மற்றவர்கள் மேசை நாற்காலியையும் சுவரின் வண்ணத்தையும் படம் பிடித்து அனுப்பினார்கள். அறிக்கையைப் படிப்பதைவிடப் படம் பார்ப்பது சுலபம். மேசைகள் வந்தன.

அடுத்த வருடம் கைபேசித் தேர்வு வந்தது. குழந்தையின் முன்னால் கைபேசியை வைக்க வேண்டும். அது தமிழில் கேள்வி கேட்கும், குழந்தை விடை சொல்ல வேண்டும், ஆசிரியர் குறுக்கே பேசக்கூடாது. அன்றைக்கு முதலில் உட்கார்ந்தவள் ஆடு மேய்க்கிற வீட்டுச் சிறுமி, முதல் வகுப்பில் சேர்ந்து இரண்டு மாதம்கூட ஆகாதவள். பன்னிரண்டு ஆடுகளில் நான்கு காட்டுக்குள் போய்விட்டால் எஞ்சியவை எத்தனை என்று கைபேசி கேட்டது. ‘எஞ்சியவை’ என்ற சொல் அவள் காதில் எங்கேயும் ஒட்டவில்லை. திரை தானாகவே சிவப்பாகி அடுத்த கேள்விக்குப் போனது. பத்துக் கேள்வியும் அப்படியே போயின. முடிந்ததும் பெரிய டீச்சர் அவளிடம் அதே கணக்கைக் கன்னடத்தில் கேட்டார். விரலைக்கூட மடக்காமல் “எண்டு” என்றாள். எட்டு. நாள் தவறாமல் மாலையில் ஆடுகளை எண்ணிப் பட்டியில் அடைப்பவள் அவள்.

மெதுவாகக் கற்போர் பட்டியலில் அவள் பெயர் முதலாவதாக வந்தது. பெரிய டீச்சர் அதில் கையெழுத்துப் போட மறுத்தார். ‘குழந்தைக்கு விடை தெரியும், கேள்விதான் தெரியவில்லை’ என்று ஓரத்தில் எழுதித் திருப்பி அனுப்பினார். மேலதிகாரி என்னைத் தொலைபேசியில் கூப்பிட்டார். பொறுப்பு ஆசிரியராக நான் கையெழுத்திட்டாலும் செல்லும், அன்று மாலைக்குள் பட்டியல் வந்தாக வேண்டும் என்றார். நான் போட்டேன். எனக்கு வேலை நிரந்தரமாகி ஒரு வருடம்கூட ஆகியிருக்கவில்லை. இதைக் காரணமாகச் சொல்லும்போதெல்லாம் எனக்கே அருவருப்பாக இருக்கிறது.

பெரிய டீச்சர் என்னைத் திட்டவில்லை. “நீங்க என்ன சார் பண்ணுவீங்க” என்றார். திட்டியிருக்கலாம். விளக்கம் கேட்டு அவருக்குக் கடிதம் வந்தது, பின்னாலேயே மலைக்குக் கீழே, கீழ்நாட்டுப் பள்ளி ஒன்றுக்கு மாற்றல். அவர் போன பிறகு முதல் வகுப்பு என் தலையில் விழுந்தது. கன்னடம் கற்றுக்கொள்ள முயன்றேன். பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அந்தச் சிறுமி மூன்றாம் வகுப்போடு நின்றுவிட்டாள். வீட்டுக்குப் போய்க் கூப்பிட்டேன். அவள் அம்மா கோபப்படவே இல்லை. கன்னடமும் தமிழும் கலந்து சொன்னாள்:

“நிம்ம பேப்பர்லயே அவளுக்கு புத்தி இல்லன்னு இருக்குதல்லா சார். சும்மா ஏன் அனுப்பறது?”

அந்தப் பேப்பரில் இருந்தது என் கையெழுத்து. இப்போது அவள் ஓசூர்ப் பக்கம் ஒரு ரோஜாப் பண்ணையில் அம்மாவோடு பூ வெட்டுகிறாள் என்று கேள்வி.

இந்த வருடம் சிங்கப்பூர். அங்குள்ள பள்ளிகளைப் பார்த்து வர என் பெயரைப் பட்டியலில் சேர்த்திருந்தார்கள். தமிழ் வீட்டுக் குழந்தைகள் அங்கே பள்ளியிலேயே தமிழ் படிக்க முடிகிறது என்பதைப் பயிற்சிக் கூட்டத்தில் பெருமையோடு சொன்னார்கள், எல்லோரும் கைதட்டினோம். அதே கூட்டத்தில் எழுந்து, அஞ்செட்டி மலையில் கன்னடம் பேசும் குழந்தைக்கு அந்த நியாயம் உண்டா என்று நான் கேட்கவில்லை. ஓய்வு பெற்று வீட்டில் இருக்கும் பெரிய டீச்சரிடம் அன்று மாலை தொலைபேசியில் பேசினேன். பயணச் செய்தியைக் கேட்டுச் சந்தோஷப்பட்டார். பிறகு சாதாரணமாகக் கேட்டார்: “ஒண்ணாங் கிளாஸுக்கு ஆளு போட்டாங்களா சார்?”

இல்லை என்றேன்.

பயண விண்ணப்பத்தில் ‘அந்நாட்டிலிருந்து நீங்கள் அறிய விரும்புவது என்ன?’ என்று ஒரு கேள்வி இருந்தது. அறிய வேண்டியதை ஏற்கெனவே ஒருவர் அறிந்து வந்து நான்கு பக்கத்தில் எழுதிக் கொடுத்துவிட்டார், அதைப் படித்தால் போதும் என்று எழுதிக் கையெழுத்திட்டேன். நான்காம் நாள் விண்ணப்பம் திரும்பி வந்தது. என் பதிலைச் சிவப்பு மையால் சுழித்து, பக்கத்தில் ‘கேள்விக்குப் பொருத்தமான விடை எழுதி மீண்டும் அனுப்பவும்’ என்று எழுதியிருந்தார்கள்.