மைனர் காரின் டேஷ்போர்டு மூடி

ஐம்பத்தைந்து வயதில் என் கணவருக்கு மைனர் ஆசை வந்தது. மோரிஸ் மைனர் காரைத்தான் சொல்கிறேன். திண்டிவனத்தில் எங்களுக்கு மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, ஆட்டும் எண்ணெய் மில் இருக்கிறது. அங்கே பிண்ணாக்கு வாங்க வந்த ஒருவர், பிரம்மதேசம் பக்கம் ஒரு மாட்டுக்கொட்டகையில் பழைய கார் நிற்பதாகச் சொன்னார். இவர் மறுநாளே போய்ப் பார்த்தார். அடுத்த வாரம் டிராக்டரில் கட்டி இழுத்து வந்துவிட்டார். முன்பு ஒரு சர்வேயர் ஓட்டிய வண்டி. அவர் காலமான பிறகு பிள்ளைகள் அதற்குள் வைக்கோல் அடைத்து வைத்திருந்தார்கள்.

நான் அரசுப் பள்ளியில் டிராயிங் டீச்சர். எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. ஆனால் ஒரு பொருளை உற்றுப் பார்ப்பதுதான் எனக்குச் சோறு போடும் வேலை. வைக்கோலைத் தள்ளிவிட்டு டேஷ்போர்டைப் பார்த்தேன். பச்சைப் பெயின்ட் அடித்த வெறும் தகரம். நடுவில் ஒரே ஒரு பெரிய வட்ட மீட்டர், அதுவும் மைல் கணக்கில். இரண்டு பக்கமும் மூடி போட்ட சின்னப் பெட்டிகள். இடது மூடியின் உட்பக்கத்தில் ஊசியால் கீறிய எண்கள் இருந்தன: 8 – 5, 16 – 10, 24 – 15. ரோட்டில் மைல்கல்லெல்லாம் கிலோமீட்டர் கல்லாக மாறியபோது மீட்டர் மட்டும் மாறாமல் நின்றுவிட்டது. சர்வேயருக்கு அது பொறுக்கவில்லை போலும்; எட்டு கிலோமீட்டருக்கு ஐந்து மைல் என்று கணக்கெழுதி வைத்திருக்கிறார்.

பள்ளி விடுமுறையில் போனில் பழைய படங்களைத் தேடித் தேடிப் பார்த்தேன். இதே காரில் முதலில் வந்தவற்றுக்கு மீட்டர் ஓட்டுபவர் முன்னால் இருந்தது. பிறகுதான் நடுவுக்கு வந்தது. ஒரு கட்டத்தில் இரண்டு பெட்டிக்கும் மூடி இருந்தது. அப்புறம் ஒன்றைக் குறைத்துவிட்டார்கள். எங்கள் வண்டியில் இரண்டும் இருந்தன. மூடியின் பச்சையும் கதவிடுக்கில் வெயில் படாத இடத்துப் பச்சையும் ஒன்றேதான். யாரும் எதையும் மாற்றவில்லை.

"ஏங்க, இது அப்படியே ஒரிஜினல். துடைச்சா போதும்" என்றேன்.

"தகர டப்பா மாதிரி இருக்குது, இது ஒரிஜினலா? பழைய கார்னா உள்ள மரம் இருக்கணும். நான் எத்தினி வீடியோ பார்த்துக்கினு இருக்கேன் தெரியுமா?"

விக்கிரவாண்டியில் ஒரு மெக்கானிக்கிடம் வண்டியை விட்டார். அங்கே கட்டில் செய்யும் ஆசாரி ஒருவர் தகரத்தின்மேல் பொருத்தத் தேக்கில் பலகை இழைத்துத் தந்தார். ஓரத்தில், யாரும் கேட்காமலே, இரண்டு அன்னப்பறவைகளையும் செதுக்கியிருந்தார். மூடிகளும் மீட்டரும் எங்கே என்று கேட்டேன். "பழைய சாமானுங்க, மெக்கானிக்கே வெச்சிக்கினாரு" என்றார் இவர். அன்றிரவு நான் சாப்பிட உட்காரவில்லை. பசியில்லை என்று இவர் நினைத்துக்கொண்டார்.

விழுப்புரத்தில் ஒரு கல்லூரி மைதானத்தில் பழைய கார்களின் காட்சி நடந்தது. எங்கள் வண்டியைச் சுற்றி நல்ல கூட்டம். அன்னப்பறவைகளோடு பலர் செல்ஃபி எடுத்தார்கள். நடுவர் வந்தார், குனிந்து உள்ளே பார்த்தார், தேக்கை ஒரு விரலால் தட்டினார்.

"மீட்டர் எங்க சார்?"

"அத எடுத்துட்டு ஸ்டியரிங் பக்கத்துல வேற மாடல் போட்டிருக்கோம். டிஜிட்டல்."

நடுவர் அடுத்த வண்டிக்கு நகர்ந்தார். நான் அவர் பின்னால் போனேன். நான்கு வண்டி தள்ளி ஒரு சாம்பல் நிற மைனர் நின்றது. விழுப்புரத்தில் கல்யாண மண்டபம் நடத்துகிறவருடையது. நடுவர் இடது மூடியைத் திறந்ததும் அப்படியே நின்றுவிட்டார்.

"இங்க பாருங்க, மைலுக்குக் கிலோமீட்டர் கணக்கு. யாரு எழுதினது?"

"எங்க மாமனாருங்க" என்றார் மண்டபக்காரர், கொஞ்சமும் தயங்காமல்.

மூடியின் வெளிப்பக்கம் சாம்பல். உட்பக்கம் எங்கள் பச்சை. விக்கிரவாண்டி மெக்கானிக் மண்டபக்காரருக்கு விற்றிருக்க வேண்டும். திரும்பினால் என் கணவர் பக்கத்தில் நிற்கிறார். அவரும் பார்த்துவிட்டார். வாயைத் திறந்தார். அது எங்களுடையது என்று சொன்னால், நாங்களே கழற்றிப் போட்டோம் என்பதையும் சொல்ல வேண்டும். வாயை மூடிக்கொண்டார்.

பழமை மாறாத வண்டிக்கான கோப்பை சாம்பல் மைனருக்குப் போயிற்று. எல்லாரும் கைதட்டினார்கள், இவரும் தட்டினார். பிறகு மண்டபக்காரரிடம் போய், "உங்க மாமனாரு இன்னா வேலையில இருந்தாரு?" என்று கேட்டார்.

"ரயில்வேயிலங்க."

"கையெழுத்து நல்லா இருக்குது."

வீடு திரும்பினோம். மில் வாசலில் வண்டியை நிறுத்தியபிறகு, "நீ சொன்னப்பவே கேட்டிருக்கணும்" என்றார். இருபத்தெட்டு வருடத்தில் இப்படி ஒரு வாக்கியத்தை நான் கேட்டதில்லை. சந்தோஷப்படக்கூடத் தோன்றவில்லை.

ஒரு மாதம் கழித்து மண்டபக்காரரே போன் செய்தார். அவர் மனைவிக்கு எங்கள் தேக்குப் பலகைமேல் கண். "அந்த அன்னப்பறவை ரொம்ப லட்சணமா இருக்குதாம். கோப்பைதான் வாங்கியாச்சே, இனிமே அந்தத் தகர மூடிங்க எதுக்குன்னு கேக்கறாங்க. மாத்திக்கலாங்களா?"

விக்கிரவாண்டியில் அதே மெக்கானிக் ஷெட்டில் பலகையைக் கொடுத்து மூடிகளையும் மீட்டரையும் வாங்கிக்கொண்டோம். இரண்டு வண்டியும் தன் கையால் திருந்தியதாக மெக்கானிக் பெருமைப்பட்டார். மண்டபக்காரர் மூடிகளை என் கணவர் கையில் கொடுத்து, "மாமனார் நெனப்பா இருக்கறது, பத்திரமா வெச்சிக்கினு இருங்க" என்றார். இவர் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

மூடிகளின்மேல் இருந்த சாம்பல் பெயின்டைச் சுரண்ட வேண்டாம் என்று நான்தான் சொன்னேன். சுரண்டினால் அடியில் இருக்கும் பச்சையும் போய்விடும். அதனால் இப்போது பச்சை டேஷ்போர்டில் இரண்டு சாம்பல் மூடிகள்.

போன ஞாயிற்றுக்கிழமை சென்னையிலிருந்து பழைய கார் பைத்தியம் ஒருவர் வந்தார். கழுத்தில் கேமரா, கையில் நோட்டு. அந்த இரண்டு நிறத்தைப் பார்த்துவிட்டு விவரம் கேட்டார்.

"கொஞ்ச வண்டிதான் இப்படி வந்துச்சுங்க" என்றார் என் கணவர். "ரொம்ப அபூர்வம்."

நான் காபித் தம்ளரோடு நின்றுகொண்டிருந்தேன். வந்தவர் நோட்டைத் திறந்து அதை எழுதிக்கொண்டார்.