சோற்றுக்குப் பயந்த நாட்கள்

அன்பான சகோதரங்களே, சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் சொல்லுகிறேன்.

நான் பேசாலையில் கடற்றொழில் செய்பவன். கல்யாணமான புதிதில் கூட்டாளிகள், "மச்சான், வண்டி தள்ளுது" என்று என் வயிற்றைப் பார்த்துச் சிரித்தார்கள். அன்றைக்குத் தொடங்கியது. இரண்டு நாள் பட்டினி கிடப்பேன். மூன்றாம் நாள் பானையோடு வைத்துத் தின்பேன். பிறகு பதறிப்போய் வளவின் மூலைக்கு ஓடித் தின்றதையெல்லாம் சத்தி எடுப்பேன். இருக்கவும் முடியாது, படுக்கவும் முடியாது. கரையில் மேலும் கீழுமாக நடந்துகொண்டே இருப்பேன்.

தவக்காலம் வந்ததும் ஒருசந்தி நோன்பு என்று சொல்லித் தப்பினேன். ஆண்டவர் பெயரில் பொய் சொன்னேன். அது என்னை இன்னும் அரித்தது.

ஒரு காலை, வலை இழுக்கும்போது கண் இருண்டு படகுக்குள் விழுந்தேன். ஒரு சாண் சரிந்திருந்தால் கடல்தான். கரைக்கு வந்ததும் நேரே கோவிலுக்குப் போனேன். அங்கே ஒருவரும் இல்லை. "ஆண்டவரே, எனக்குச் சொல்ல வாய் வராது. ஆரையாவது கேட்க வையும்" என்று அழுதேன்.

வீட்டு வாசலில் என் மனைவி ரெஜினா மறித்தாள்.

"இஞ்சருங்கோ, சாப்பிட்டுப்போட்டு வளவுக்குள்ள போய்ச் சத்தி எடுக்கிறனீங்கள், என்ன?"

"ஓம்" என்றேன். அவ்வளவுதான், விம்மி அழுதுவிட்டேன்.

"அழாதேங்கோ. நாளைக்கு ஆஸ்பத்திரிக்குப் போவம். நானும் வாறன்."

கிளினிக்கில் டொக்டர் அம்மாவிடம், "இது பொம்பிளைப் பிள்ளையளுக்கு வாற வருத்தமெல்லோ?" என்று கேட்டேன்.

"ஆர் சொன்னது? ஆம்பிளையளுக்கும் வாறதுதான். வெட்கத்தில மறைக்கினம், அதால வெளியில தெரியிறேல்லை."

வெளியே, நோயாளர் காத்திருக்கும் நீள வாங்கில் விடத்தல்தீவு ஆசிரியை ஒருவர் இருந்தார். பேச்சுக் கொடுத்தபோது தனக்கும் இதே நோய்தான் என்றார். நல்ல சதைப்பிடிப்பான ஆள் என்பதால் வீட்டில் ஒருவரும் நம்பவில்லையாம். நான் மட்டும்தான் என்று நினைத்திருந்தேன். எத்தனை பேர்!

ஒரே நாளில் சுகம் வரவில்லை. ஒன்றரை வருடம் போய்வந்தேன். இடையில் இரண்டு தரம் பழைய குழியிலேயே விழுந்தேன். இப்போது ரெஜினாவோடு இருந்து சோறும் மீன்குழம்பும் சாப்பிடுகிறேன். சில நாள் இன்னும் மனம் பதறும். அப்போது எழுந்து ஓடாமல் அவளிடம் சொல்லிவிடுவேன். ஆண்டவருக்கு நான் எப்படி நன்றி சொல்லித் தீர்ப்பது!

உங்களில் ஆணோ பெண்ணோ, ஆராவது இப்படித் தவித்தால் இன்றைக்கே செபியுங்கள். அவர் கைவிடமாட்டார். டொக்டரிடமும் போங்கள். தனியே போகப் பயமென்றால் எங்கள் வீட்டுக்கு வாருங்கள். நானும் ரெஜினாவும் கூட வருகிறோம்.