காவிக்குக் கீழே

அம்மாவின் தொடையில் முதலில் தெரிந்தது வலை விரித்தாற்போல் ஓர் ஊதாத் தடம். கைலி உரசினாலே துடித்தாள். மடியில் ஏற வந்த என் மகனை முதன்முறையாகத் தள்ளிவிட்டாள். சிறுநீரகம் கெட்டு, வாரம் மூன்று முறை டயாலிசிஸ் செய்துகொள்ளும் உடம்பு. டாக்டரிடம் காட்டலாம் என்றேன்.

புக்கிட் ரோத்தானில் எங்கள் பக்கத்து வீட்டிலிருக்கும் சித்தி சிரித்தாள். "படிச்சவளுக்கு எல்லாத்துக்கும் டாக்டர்தான். இது அக்கி லா. ஊசி போட்டா உள்ள எறங்கிரும்."

மாலையே அசாம் ஜாவாவிலிருந்து அக்கி எழுதுகிறவரை அழைத்து வந்தாள். அவர் காவியைக் குழைத்துத் தொடை முழுக்கப் பூசி, நடுவில் ஒரு சிங்கம் வரைந்தார். தானாக உதிரும்வரை தண்ணீர் படக்கூடாது என்றார்.

டயாலிசிஸ் நிலையத்தில் நானே கைலியை விலக்கித் தாதியிடம் காட்டினேன். சிங்கம் கைலியில் உரசிக் கலைந்து, காவியின் சிவப்பு மட்டும்தான் தெரிந்தது. நான் வாய் திறப்பதற்குள் அம்மா முந்திக்கொண்டாள். "பேரன் சாயத்தக் கொட்டிட்டான் மிஸ்ஸி." தாதி சிரித்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனாள். அம்மா என்னை முறைத்தாள். தாதியை மறுபடி கூப்பிடுவதா, அத்தனை பேர் முன்னால் அம்மாவைப் பொய்க்காரி ஆக்குவதா என்று நான் யோசித்து முடிப்பதற்குள் இயந்திரம் ஓடத் தொடங்கியிருந்தது.

காவிக்குக் கீழிருந்து நாற்றம் வந்த பிறகு யாரையும் கேட்கவில்லை. வெந்நீரில் காவியைக் கழுவினேன். கீழே தோல் கறுத்து, காய்ந்த மாட்டுத்தோல் போல் இறுகிக் கிடந்தது.

மருத்துவமனையில் இளம் டாக்டர் பொறுமையாக விளக்கினார். சிறுநீரக நோய் முற்றியவர்களில் சிலருக்குச் சின்ன ரத்தக் குழாய்களில் சுண்ணாம்புச் சத்து படிந்து அடைத்துக்கொள்ளுமாம். ரத்தம் கிடைக்காமல் தோல் செத்துவிடுமாம். புண்ணில் கிருமி ஏறினால் உயிருக்கே ஆபத்து.

"முன்னாடியே வந்திருந்தா டாக்டர்?"

"அப்பவும் உறுதியா சொல்ல முடியாதும்மா."

அவர் ஆறுதலாகத்தான் சொன்னார். சித்தியை முழுதாக வெறுக்கக்கூட எனக்கு இடமில்லாமல் போயிற்று.

மறுநாள் சித்தி வந்து கட்டிலோரம் நின்றாள். "தலதலையா அடிச்சிக்கிட்டேன், தண்ணி படக்கூடாதுன்னு. கழுவித் தொலைச்சிட்டியேடி."

நான் அம்மாவைப் பார்த்தேன். ஒரு வார்த்தை சொல்வாள் என்று காத்திருந்தேன். அம்மா கண்ணைத் திறக்காமலே பேசினாள், சித்தியிடம்.

"அந்த அசாம் ஜாவாக்காரருக்கு ஒரு போன் போடு. மறுபடி எழுதச் சொல்லு."