சத்தியவதிக்காக வாங்கிய கீபோர்டு

ஹெர்பர்ட் மராத்தி பேசும் ஊரான கட்கியில், தமிழ்க் கிறிஸ்தவ சபையில் முப்பத்தோரு வருடமாகக் கீபோர்டு வாசிக்கிறார். ஆனால் அவருக்கு வெள்ளைக் கட்டைகளில் மட்டும்தான் வாசிக்கத் தெரியும். இதைச் சொன்னால் மனிதருக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். என்ன செய்வது, உண்மை அதுதான். பாட்டு எந்தச் சுருதியில் வந்தாலும் கீபோர்டில் ட்ரான்ஸ்போஸ் என்று ஒரு பொத்தான் இருக்கிறது. அதை இரண்டு தட்டு, மூன்று தட்டு தட்டினால் அதே வெள்ளைக் கட்டைகள் வேறு சுருதியில் ஒலிக்கும். அவருடைய சங்கீதம் முழுவதும் அந்தப் பொத்தானை நம்பித்தான் ஓடியது.

அந்தப் பொத்தான் அவருக்கு அவ்வளவு தேவைப்பட்டதற்குக் காரணம் சத்தியவதி, அவர் மனைவி. அந்தச் சபையில் கீபோர்டுக்காரர் சுருதி கொடுக்கும் வழக்கம் இல்லை. பாட்டின் எண்ணைப் போதகர் சொன்னதும் சத்தியவதி எழுந்து நின்று, அன்றைக்குத் தொண்டைக்கு எந்த இடம் சுகமாக இருக்கிறதோ அங்கே பாட்டை எடுப்பாள். முதல் வரி முழுக்க அவள் குரல் மட்டும்தான். அதற்குள் ஹெர்பர்ட் சுருதியைத் தேடிப் பிடித்துப் பொத்தானைத் தட்டி, இரண்டாம் வரியில் பின்னால் வந்து ஒட்டிக்கொள்வார். கல்யாணமான புதிதில் ஆரம்பித்த ஏற்பாடு இது.

சத்தியவதி கட்கியில் ஒரு பள்ளிக்கூடத்தில் இருபத்தேழு வருடம் டீச்சராக இருந்தவள். குரல் கம்மத் தொடங்கியபோது, இத்தனை காலம் விழுங்கிய சாக்பீஸ் தூசுதான் என்றாள். பிறகு சளி என்றாள், குடியிருக்கிற சிஞ்ச்வட் ஃப்ளாட்டின் ஈரச் சுவர் என்றாள். எட்டு மாதம் கஷாயத்திலேயே போயிற்று. கடைசியில் பெரிய ஆஸ்பத்திரியில் குழாய் விட்டுப் பார்த்துவிட்டு, குரல்வளையில் புற்று, முழுசாக எடுத்தாக வேண்டும் என்றார்கள். உயிருக்குப் பயமில்லை, குரல் மட்டும் இருக்காது. பதினான்காம் நாள் ஆபரேஷன் என்று தேதி கொடுத்தார்கள்.

ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும் லோக்கல் ரயிலில் அவள் அழவில்லை. காசர்வாடி தாண்டியதும் ஹெர்பர்ட்டின் கையைத் தட்டினாள்.

“ஏங்க, எட்டுப் பாட்டு நான் பாடித்தாரேன். நல்லாப் பதிஞ்சு வைங்க. பொறவு எனக்கே கேக்கணும் போல இருக்கும்லா.”

“பதிஞ்சிருவோம் சத்தியா. ஸ்டுடியோ கணக்கா பதிஞ்சிருவோம்” என்றார் ஹெர்பர்ட்.

அந்த ‘ஸ்டுடியோ கணக்கா’ தான் குடியைக் கெடுத்தது. ஹைதராபாத்தில் வேலை பார்க்கும் மகள் நிக்கோல், “அப்பா, ஃபோன்லயே எடுங்க. அது போதும்” என்றுதான் சொன்னாள். ஹெர்பர்ட் கேட்கவில்லை. ஃபோனில் எடுத்தால் குரலும் கீபோர்டும் கூழாகக் கலந்துவிடும், கம்ப்யூட்டரில் குரலைத் தனியாகவும் வாத்தியத்தைத் தனியாகவும் பதிய வேண்டும் என்றார். நிக்கோல் ஒரு மியூசிக் சாஃப்ட்வேரை லேப்டாப்பில் ஏற்றிக் கொடுத்தாள். இனி கம்ப்யூட்டரோடு பேசுகிற கீபோர்டு ஒன்று வேண்டும்.

ஹெர்பர்ட்டுக்கு ஒரு தேங்காய் வாங்குவதென்றாலும் நாலு கடையில் தட்டிப் பார்க்க வேண்டும். வீட்டிலிருந்த பழைய கீபோர்டின் முதுகில் ஐந்து ஓட்டை போட்ட வட்டத் துளை ஒன்றுதான் இருந்தது. அதற்கு ஒரு வயரைத் தேடி புத்வார் பேட்டைக் கடைகளில் இரண்டு நாள் அலைந்தார். வயர் கிடைத்தது, ஆனால் அழுத்தின கட்டையை விட்ட பிறகும் சத்தம் நிற்காமல் இழுத்துக்கொண்டே இருந்தது. சரி, கம்ப்யூட்டருக்கென்றே செய்கிற மிடி கீபோர்டைப் புதிதாகவே வாங்கிவிடுவோம் என்று கேம்ப் வட்டாரத்தில் ஒரு வாத்தியக் கடைக்குப் போனார். இருபத்தைந்து கட்டை உள்ளதில் அவருடைய இடது கைக்கு இடமில்லை. நாற்பத்தொன்பது கட்டையில் இடம் இருந்தது, ட்ரான்ஸ்போஸ் பொத்தான் இல்லை. இருக்கிறது, வேறொரு பொத்தானை அழுத்திக்கொண்டு மேல்கோடிக் கட்டையைத் தொட வேண்டும் என்றான் கடைக்காரன். பாட்டுக்கு நடுவில் எனக்கு மூன்றாவது கை எங்கே இருக்கிறது என்று ஹெர்பர்ட் சண்டைக்குப் போனார். கோந்த்வாவில் ஒருவர் எண்பத்தெட்டுக் கட்டை உள்ளதை விற்கிறார் என்று கேள்விப்பட்டு இரண்டு பஸ் மாறிப் போனார். அது பியானோ போலக் கனமான கட்டை. ஒரு சரணம் வாசிப்பதற்குள் விரல் கடுத்துவிட்டது.

ஒருநாள் சத்தியவதியையும் கேம்ப்புக்குக் கூட்டிக்கொண்டு போனார். அங்கே வைத்திருந்த ஒரு கீபோர்டை அவள் அழுத்திப் பார்த்தாள். சத்தம் வரவில்லை. இதற்கென்று சொந்தக் குரல் கிடையாது, எந்தக் கட்டையை எவ்வளவு பலமாக எவ்வளவு நேரம் அழுத்தினீர்கள் என்று கம்ப்யூட்டருக்குச் சொல்லும், அவ்வளவுதான் என்று கடைக்காரன் இந்தியில் விளக்கினான். சத்தியவதிக்குச் சிரிப்பு வந்தது.

“எனக்குத் தக்க சோடிதான்” என்றாள்.

ஹெர்பர்ட் அதைக் காதில் வாங்காதவர் போல அடுத்த கீபோர்டின் பொத்தான்களை எண்ணிக்கொண்டிருந்தார். கடைசியில் அறுபத்தொரு கட்டையோடு, இடது கட்டைவிரலுக்கு எட்டுகிற இடத்திலேயே கூட்டல் கழித்தல் போட்ட பொத்தான்களோடு ஒன்று அகப்பட்டது. அதை ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தபோது பதினோரு நாள் முடிந்திருந்தது. இந்தப் பதினோரு நாளில் அவளுடைய குரல் காத்துக்கொண்டிருக்கவில்லை. முதலில் நாள் முழுக்க வந்தது, பிறகு காலையில் வெந்நீர் குடித்த பின் ஒரு மணி நேரம் வந்தது, இரண்டு நாள் வரவே இல்லை. அந்த மனிதரை அப்போது யாராவது உட்கார வைத்து நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டிருக்க வேண்டும்.

பன்னிரண்டாம் நாள் இணைப்பதிலேயே போயிற்று. பெட்டியோடு வந்த வயர் சாப்பாட்டு மேஜைக்கு எட்டவில்லை என்று அலமாரியிலிருந்து நீள வயர் ஒன்றை எடுத்துச் செருகினார். கீபோர்டில் விளக்கு எரிந்தது. சாஃப்ட்வேரோ அப்படி ஒரு பொருள் இருப்பதையே ஒப்புக்கொள்ளவில்லை. மத்தியானம் வரை கழற்றி மாட்டி, கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டு, ஜெபமும் செய்து பார்த்தார். நிக்கோல் வீடியோவில் பார்த்துவிட்டு, “அப்பா, அது சார்ஜர் வயர். கரண்ட் மட்டும் போகும், சொல்றது போகாது” என்றாள். மேஜையை நகர்த்திப் பெட்டியோடு வந்த வயரையே போட்டார், வேலை செய்தது. மைக்கை சபையில் பாடும் ஜோஷுவாவிடம் இரவல் வாங்கியிருந்தார். கீபோர்டைத் தனியாகச் சோதித்தார், சரியாக இருந்தது. மைக்கைத் தனியாகச் சோதித்தார், அதுவும் சரியாக இருந்தது.

பதின்மூன்றாம் நாள் காலை கர்த்தர் இரங்கினார் என்றுதான் சொல்ல வேண்டும். சத்தியவதிக்குக் குரல் வந்தது. கொஞ்சம் கரகரப்பாக, கொஞ்சம் தணிவாக, ஆனால் வழி தவறாமல் வந்தது. சாயங்காலம் ஆஸ்பத்திரியில் சேர வேண்டும். ஹெர்பர்ட் ஜன்னல்களைச் சாத்தினார், ஃபேனை நிறுத்தினார், கீபோர்டுச் சத்தம் மைக்கில் விழக் கூடாதென்று ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டார், அவளுக்கும் ஒன்றைக் கொடுத்தார். திரையில் மைக்குக்கு ஒரு வரிசை, கீபோர்டுக்கு ஒரு வரிசை. ஒவ்வொன்றின் ஓரத்திலும் ஒரு சிவப்புப் பொத்தான். மைக்கின் பொத்தானை அழுத்தினார், பிறகு கீபோர்டின் பொத்தானை அழுத்தினார், பதிவை ஓட விட்டார். அவள் பாட்டை எடுத்தாள்.

முதல் பாட்டு முடிந்ததும், “ஒருக்கப் போட்டுக் கேப்பமா?” என்றார்.

“வேண்டாம். இப்பக் கேட்டேன்னா அழுதுருவேன், அப்புறம் பாட வராது. ஓட விட்டுட்டே இருங்க” என்றாள்.

எட்டுப் பாட்டும் பாடினாள். கடைசிப் பாட்டின் கடைசிச் சரணத்தில் குரல் இரண்டு இடத்தில் அறுந்தது, அவள் நின்று, மூச்சு வாங்கி, மறுபடி பிடித்தாள். ஹெர்பர்ட் அந்த இடங்களில் கையை அப்படியே வைத்துக்கொண்டு காத்திருந்து கூடப் போனார். முடித்ததும் அவள் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு, “போதும்பா. இனி என்ன வேணா எடுத்துக்கட்டும்” என்றாள்.

மறுநாள் காலை எட்டு மணிக்கு உள்ளே கொண்டுபோனார்கள். வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஹெர்பர்ட் ஒன்பதரை மணிக்கு லேப்டாப்பைத் திறந்து ஹெட்ஃபோனை மாட்டினார். முதல் பாட்டை ஓட விட்டார். ஒன்றும் கேட்கவில்லை. அது சரிதான், முதல் வரியில் கீபோர்டு கிடையாதே. ஆனால் அவள் குரலும் இல்லை. பிறகு கீபோர்டு மட்டும் வந்தது. இரண்டாவது பாட்டு, மூன்றாவது பாட்டு, எட்டாவது பாட்டு, எல்லாவற்றிலும் கீபோர்டு மட்டும்தான். மைக்கின் வரிசை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை வெறுமையாகக் கிடந்தது. அந்த சாஃப்ட்வேரில் ஒரு சிவப்புப் பொத்தானை அழுத்தினால் மற்றது தானாக அணைந்துவிடும். இரண்டும் எரிய வேண்டுமானால் கம்ப்யூட்டரில் இன்னொரு விசையையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ள வேண்டும். கீபோர்டுக்குப் பதினோரு நாள் அலைந்தவருக்கு, மைக்கையும் கீபோர்டையும் ஒன்றாக அரை நிமிடம் சோதித்துப் பார்க்கத் தோன்றவில்லை.

ஹெர்பர்ட் எழுந்து ஆபரேஷன் தியேட்டர் கதவருகே போய் நின்றார். டாக்டரை ஐந்து நிமிடம் நிறுத்தச் சொல்ல வேண்டும், ஒரே ஒரு பாட்டு போதும் என்று அவருக்கு நிஜமாகவே தோன்றியது. காவலாளி மராத்தியில், உட்காருங்கள் பெரியவரே, இன்னும் நேரமாகும் என்று கையைப் பிடித்துப் பெஞ்சுக்குக் கூட்டிவந்தான். ஹெர்பர்ட் ஃபோனை எடுத்துத் தேடினார். சபைக் கல்யாண வீடியோக்கள் எல்லாம் முதல் வரி தாண்டிய பிறகு எடுத்தவை, பதினான்கு குரல்களுக்கு நடுவில் அவள் குரல் எது என்று பிரிக்க முடியவில்லை. வாட்ஸ்அப்பில் நாலைந்து குரல் செய்திகள் இருந்தன. பால் வாங்கிட்டு வாங்க, கீழ வாட்ச்மேன்கிட்ட சாவி இருக்கு, இப்படி. அவற்றில் பேச்சுத்தான் இருந்தது, பாட்டு இல்லை.

சத்தியவதி கழுத்தில் ஒரு துளையோடு வெளியே வந்தாள். இனி மூச்சு அந்த வழியாகத்தான். மூன்றாம் நாள் நோட்டுப் புத்தகத்தில் முதல் வரி எழுதிக் காட்டினாள்: ‘பாட்டு எப்படி வந்திருக்கு?’ ஹெர்பர்ட், “மிக்ஸிங் நடக்கு” என்றார். வீட்டுக்கு வந்த பிறகும் தினமும் கேட்டாள், தினமும் மிக்ஸிங் நடந்தது. பொய் சொல்லிப் பழக்கமில்லாத மனிதர், சாப்பாடு இறங்காமல் மெலிந்துபோனார். ஆபரேஷன் முடிந்த இருபதாம் நாள் காலை, அவளுக்குக் குழாய் வழியாகக் கஞ்சி ஊற்றி முடித்த கையோடு, எல்லாவற்றையும் சொல்லிவிட்டார்.

அவள் நோட்டை இழுத்து, காகிதம் கிழியும்படி அழுத்தி எழுதினாள்.

‘நீங்க கடை கடையா அலஞ்ச பதினோரு நாளுல, குரல் வந்தப்பல்லாம் நான் வீட்டுல பாடிட்டுத்தான் இருந்தேன். நீங்க இல்ல.’

அதற்கப்புறம் நான்கு நாள் அவருக்கென்று அவள் எதுவும் எழுதவில்லை. நிக்கோல் வீடியோவில் வந்து, அழுதுகொண்டே சமாதானம் சொல்லிப் பார்த்தாள், நடக்கவில்லை. ஹெர்பர்ட் கீபோர்டைப் பெட்டிக்குள் வைத்துக் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டார். அதைப் பார்க்கவே அவருக்கு வெறுப்பாக இருந்தது.

ஐந்தாம் நாள், காய்கறி நறுக்கிக்கொண்டிருந்தவரிடம் சத்தியவதி வந்து லேப்டாப்பை மேஜையில் வைத்தாள். ஓட விடுங்கள் என்று விரலால் காட்டினாள்.

“அதுல நீ இல்ல, சத்தியா.”

அவள் மறுபடியும் காட்டினாள். அவர் கையைத் துடைத்துக்கொண்டு எட்டாவது பாட்டை ஓட விட்டார். அறையில் சத்தம் எதுவும் இல்லை. சத்தியவதி நிமிர்ந்து நின்று வாயைத் திறந்தாள். முதல் வரி அவள் உதட்டில் ஓடியது. அந்த வரி முடிந்த இடத்தில், ஒரு நூல்கூடப் பிசகாமல், கீபோர்டு வந்து சேர்ந்தது. கடைசிச் சரணத்தில் வாத்தியம் இரண்டு இடத்தில் நின்றது. இரண்டு இடத்திலும் அவள் கழுத்துத் துளையில் மூச்சு இழுக்கும் சத்தம் கேட்டது. பிறகு வாத்தியமும் அவள் உதடும் சேர்ந்து போயின.

ஹெர்பர்ட்டுக்குச் செய்வதற்கு ஒரு வேலையும் இல்லை. முப்பத்தோரு வருடம் அவள் பாடிய நேரமெல்லாம் சுருதி தேடிக் குனிந்திருந்தவர், கட்டைகளைத் தவிர வேறெதையும் பார்த்ததில்லை. மேல்சுருதிக்குப் போகும்போது அவளுடைய புருவம் ஏறுவதை, ஒரு சொல்லை முடிக்கும்போது அவள் கண்ணை மூடிக்கொள்வதை, ஓர் அடியை விட்டு அடுத்த அடிக்குப் போகுமுன் அவர் பக்கம் திரும்பி வந்தாச்சா என்று ஒரு தரம் பார்ப்பதை, சபையிலிருந்த அத்தனை பேரும் பார்த்திருப்பார்கள். அவள் இப்போதும் அப்படித் திரும்பிப் பார்த்தாள். ஹெர்பர்ட் வாய்விட்டு அழுதார். அவள் நிறுத்தவில்லை, பாட்டை முடிக்கும் வரை பாடினாள்.